மாடி ரூமை ஏலம் எடுத்த சர்வர்

மூன்று வாரம் முன்னால், ஓட்டலில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு டிப்ஸ் வைக்காமல் எழுந்தேன். வேண்டுமென்றேதான்! உழைக்கிறவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியது முதலாளி. தட்டில் நாலணாவை எறிந்து நாம் ஏன் மகாராணி வேஷம் போட வேண்டும்? இது என் நெடுநாள் கொள்கை. இந்தப் பத்திரிகையில், இதே பக்கத்திலேயே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். 'சபாஷ் டீச்சர்' என்று கார்டு போட்ட வாசகர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சபாஷைத் திருப்பிக் கொடுக்கத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

அன்றைக்குப் பள்ளி லீவு. வீட்டில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. ரேஷன் கடையில் வழக்கமான பதில் — "நாளைக்கு வாங்க". போடி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஓட்டலுக்கு என் வீட்டுக்காரரைக் கிளப்பிக்கொண்டு போனேன். ஏலக்காய் ஏலம் நடக்கிற நாள். கீழே உட்கார இடமில்லை. மாடியில் ஒரு ரூம். பெரிய மேஜை ஒன்று, எட்டு நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன். ஏறிவிட்டோம்.

சர்வர் செல்லையா நாற்பது வயதுக்காரர். அவர் மகள் என் வகுப்பில்தான் படிக்கிறாள். தயங்கித் தயங்கி வந்து நின்றார். "டீச்சர்... கீழ சன்னலோரம் எடம் ஒழிச்சுத் தரட்டா?"

வந்ததே எனக்குக் கோபம்! "ஏன், ஏலக்கா யாவாரிகளுக்கு மட்டுந்தான் ஃபேன் சுத்துமா? நாங்க காசு குடுக்கலையா?"

அவர் இலையைப் போட்டார்.

சாப்பிட்டு முடிக்கவும், போடிமெட்டு மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. குடை இல்லை. ஆளுக்கொரு காபி சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வியாபாரிகள் மூன்று நாலு பேராக மாடியேறி வந்தார்கள். ரூமுக்குள் ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் சட்டென்று இறங்கிப் போய்விட்டார்கள். பெண் இருக்கிற ரூமுக்குள் ஆண்கள் நுழைவதில்லையே! மரியாதை தெரிந்த ஊர் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

மழை விட்டது. கிளம்பினோம். படியில் செல்லையா பின்னாலேயே வந்தார். "டீச்சர், ஒரு நிமிசம்..."

டிப்ஸுக்குத்தான் வருகிறார் என்று தெரிந்துவிட்டது. நான் விடுவேனா? "இந்தாங்க செல்லையா, கை நீட்டுறது ஒங்களுக்கே நல்லாருக்கா? சம்பளத்தக் கூட்டிக் குடுன்னு மொதலாளிகிட்டப் போய்க் கேளுங்க!"

அவர் கோபப்படவில்லை. "எனக்கு ஏது டீச்சர் சம்பளம்? நானுல்ல அவருக்குக் குடுக்குறேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பிறகு அவர் சொன்னதைக் கேளுங்கள். சர்வர்களுக்குச் சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. இரண்டு வேளைச் சாப்பாடு, பிறகு அவரவருக்கு விழுகிற டிப்ஸ். ஏலக்காய் ஏலத்தன்றைக்கு மாடி ரூமில் நல்ல டிப்ஸ் விழும். அதனால் அன்று காலையில் முதலாளி கல்லாவில் உட்கார்ந்து அந்த ரூமை சர்வர்களுக்குள்ளேயே ஏலம் விடுவார். யார் கூடக் கேட்கிறாரோ அவருக்கு ரூம். பணத்தை முன்னாலேயே கட்டிவிட வேண்டும். அன்றைக்குச் செல்லையா பன்னிரண்டு ரூபாய்க்கு எடுத்திருந்தார். எடுத்த ரூமில் நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு காபியோடு குடியிருந்தோம்!

"சம்பளப் பொஸ்தகத்துல மாசாமாசம் கையெழுத்து மட்டும் போட்டுருவேன் டீச்சர்" என்றார்.

இருபது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். எனக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ளாமலே பத்தி எழுதிக் கிழித்திருக்கிறேன்.

அத்தோடு அவர் கட்டிய பன்னிரண்டு ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? நேரே கல்லாவுக்குப் போனேன். "சும்மா வா" என்று வீட்டுக்காரர் முந்தானையை இழுக்காத குறை.

"வேல செய்யறவங்ககிட்டயே காசு வாங்குறீங்களே, இது எந்த ஊரு நியாயம்?"

முதலாளி சிரித்தார். "நம்மூரு நியாயந்தான் டீச்சரம்மா. நான் யாரு கையப் பிடிச்சுத் தூக்குனேன்? அவங்களாத் தூக்குறாங்க. சம்பளம் குடுத்தா சாப்பாட்டுக்கு நாலணா ஏத்தணும். ஏத்துனா நீங்க வருவீகளா?"

பில் கட்ட நின்ற வியாபாரி ஒருவர் உள்ளே புகுந்தார். "எதுக்கும்மா சம்பளம்? காய் நல்ல வெலைக்குப் போச்சுன்னா நானே அஞ்சு ரூவா வச்சிட்டுப் போவேன். நம்ம கை தாராளக் கையி!"

"வெல விழுந்தா?"

"விழுந்தா நானே கடன்ல சாப்பிடுறேன்..."

ஆக, மலையில் மழை பொய்த்து, காய் சிறுத்து, விலை விழுந்தால் செல்லையா வீட்டில் உலை கொதிக்காது. இவருடைய தாராளத்துக்குப் பெயர் தர்மமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லேபர் ஆபீசுக்கு எழுதுவேன், பத்திரிகையில் போடுவேன் என்று கத்தித் தீர்த்துவிட்டு, நியாயத்தை நிலைநாட்டிய திருப்தியோடு வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

வியாழக்கிழமை செல்லையாவின் மகள் வகுப்புக்கு வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. சாயங்காலம் விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு டிரங்குப் பெட்டியில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர்கிட்ட நீதான போட்டுக் குடுத்தன்னு நிறுத்திட்டாரு" என்றார் செல்லையா. "அடுத்த வாரம் மலைக்கு ஏறலாம்னு இருக்கோம். எஸ்டேட்டுல குடும்பத்தோட போனாத்தான் கூலியாளுக லயத்துல வீடு குடுப்பாங்க. பாப்பாவும் காயெடுக்க வரணும்."

அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"நீங்க கோவப்பட்டது சரிதான் டீச்சர். ஆனா கோவப்பட்டுட்டு நீங்க வீட்டுக்குப் போயிட்டீங்க. நான் அங்கனதான நிக்கணும்?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த ஏலத்தன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அந்த ஓட்டலுக்குப் போனேன். கெஞ்சியாவது செல்லையாவைத் திரும்பச் சேர்க்கச் சொல்ல வேண்டும் என்றுதான். நான் வாயைத் திறக்கும் முன்பே முதலாளி ஏலத்தை ஆரம்பித்துவிட்டார். மிச்சமிருந்த நாலு சர்வர்களும் தோளில் துண்டோடு வரிசையாக நின்றார்கள்.

"மாடி பத்து ரூவா! யாருப்பா?"

ஒரு கையும் எழவில்லை.

"எட்டு?... அஞ்சு? என்னங்கடா, கை வெளங்காமப் போச்சா?"

அதற்குள் வியாபாரிகள் மாடியேறிவிட்டார்கள். மேலே மேஜையைத் தட்டுகிற சத்தம். "தண்ணி கொண்டாப்பா! வெரசா!"

"ஏலமும் வேண்டாம், மண்ணும் வேண்டாம், எவனாவது மேல போங்கடா!" என்று முதலாளி கத்தினார்.

நாலு பேரில் மூத்தவர் மொக்கையன். அதுவரை அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "நாள் சம்பளம் எவ்வளவுன்னு சொல்லுங்க மொதலாளி. செல்லையாவையும் கூப்புடுங்க. அப்புறம் சோலியப் பாக்குறோம்."

முதலாளி என்னைத் திரும்பி முறைத்தார். "டீச்சரம்மா, இது ஒங்க வேலையா?"

ஆமாம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நான் செய்த ஒரே வேலை, ஒருவர் பிழைப்பில் மண்ணைப் போட்டது. மற்றதெல்லாம் அந்த நாலு பேர் யோசித்துச் செய்தது.

கால் மணி நேரம் முதலாளியே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடினார். மூன்றாவது தடவை இறங்கும்போது வேட்டியெல்லாம் சாம்பார். நாளுக்கு ஆறு ரூபாய் என்று ஒத்துக்கொண்டார். செல்லையாவைக் கூப்பிட ஆள் போனது. திங்கட்கிழமை அவர் மகள் வகுப்புக்கு வந்துவிட்டாள். வீட்டுப்பாடம் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்கு நாலணா ஏறிவிட்டது. முதல் ஆளாகச் சண்டைக்கு வந்தது யார் தெரியுமா? அந்தத் தாராளக் கை வியாபாரி! "பகல் கொள்ளையால்ல இருக்கு!" என்று கல்லாவில் குதித்தாராம். தானாகக் கொடுத்தால் அஞ்சு ரூபாயும் லேசு. அதையே உரிமை என்று கேட்டால் நாலணாவும் கனக்கிறது.

என் வீட்டுக்காரரும் நேற்று பில்லைப் பார்த்து முணுமுணுத்தார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அந்த நாலணா வலிக்கிறவர்கள் தாராளமாக வீட்டிலேயே சாப்பிடுங்கள் — அங்கேதான் பரிமாறுகிறவள் இன்னும் சம்பளம் கேட்கவில்லை!