மெட்டு ஏறும் முன் ஒரு டக் டக்

என் மகளுக்கு மலை ரோடு ஆகாது. கட்டிக்கொடுத்ததோ போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஏலத்தோட்டத்துக்குள். பஸ்சில் ஏறினால் மூன்றாவது வளைவில் வாந்தி, ஜீப்பில் ஏறினால் முதல் வளைவிலேயே. ஒவ்வொரு தடவையும் பிழிந்துபோட்ட துணி மாதிரி போடியில் வந்து இறங்குவாள். அவள் உண்டாகியிருக்கிறாள் என்று போன் வந்ததும் சந்தோஷத்தோடு சேர்ந்து வந்த முதல் கவலை, வளைகாப்பு முடிந்து இவளை எப்படிக் கீழே கொண்டுவரப் போகிறோம் என்பதுதான்.

என்னிடம் ஒரு கார் இருந்தது. கார் என்று நான் மட்டும்தான் சொல்வேன். ராசிங்காபுரத்தில் ஒரு தோட்டத்துக் கொட்டகையில், கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் வாங்கியது. என் வயதை விட அதற்கு வயது கூட. ஆனால் பின்சீட்டு சோபா மாதிரி இருக்கும், கால் நீட்டிப் படுக்கலாம், கண்ணாடியை இறக்கினால் காற்று பிய்த்துக்கொண்டு போகும். என் மகள் குமட்டாமல் போய்வந்த ஒரே வண்டி அது, அதுவும் தேனி வரைக்கும் சமதரையில். மலை ஏற அதன் இஞ்சினுக்குத் தெம்பில்லை. அதனால் இஞ்சினைப் பிரித்துப் புதுசாக்கி, நானே ஓட்டிப் போய், நானே என் மகளைக் கூட்டிவருவது என்று முடிவு செய்தேன். வாடகைக் கார் ஊரில் கிடைக்காமல் இல்லை. ஆனால் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துவருகிற வண்டியை வேறு ஒருத்தர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவதா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஏலக்காய் மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கி நடத்துகிறோம். அவர் சல்லடை போட்டுத் தரம் பிரிப்பார், நான் ஆட்களையும் லோடையும் பார்ப்பேன். வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவை கூட அவர் அந்தக் காரில் ஏறியதில்லை. அதற்கு அவர் வைத்த பேர் ‘கோழிக்கூடு’. “கோழிக்கூட்டுக்குப் போயி புது இஞ்சினா?” என்று கேட்டுவிட்டு அவர் சோலியைப் பார்க்கப் போய்விட்டார்.

இஞ்சின் வேலையை பாயிடம் கொடுத்தேன். எங்கள் கிட்டங்கிக்குப் பக்கத்திலேயே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவர். மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளில் அவர் கை படாதது குறைவு. லேத்துப் பட்டறைக்குப் போன இஞ்சின் சிலிண்டர் கடைந்து திரும்பி வந்தபோது, உள்ளே மாட்டவேண்டிய சாமான்கள் வந்துசேரவில்லை. பாயின் ஒர்க்‌ஷாப்பில் கூரை ஒழுகும். அதனால் இஞ்சினை எங்கள் கிட்டங்கியிலேயே ஒரு மூலையில், மூட்டைகளுக்கு நடுவில் சாக்குப் போட்டு மூடி வைத்தோம். சாமான் வந்ததும் பாய் எடுத்துப்போய்க் கோத்தார்.

முதல் நாள் ஸ்டார்ட் ஆனபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு பதவிசாக ஓடியது. ஆனால் கொஞ்ச நேரம் ஓடி இஞ்சின் சூடானதும் மேலேயிருந்து டக், டக், டக் என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே வேகமாக அடித்தது. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் கிட்டங்கி வாசலில் நின்றார்.

“என்ன பாய், தையல் மிசினை மாட்டிவிட்டீகளோ?”

பாய் சிரிக்கவில்லை. “டேப்பட்டுண்ணே. இடைவெளி கூடியிருக்கும். வெரசா சரி பண்ணிருவோம்” என்றார்.

இஞ்சினின் தலைக்கு மேல் ஒரு தகர மூடி இருக்கும். அதற்குள்ளே வால்வுகளை அமுக்கித் திறக்கிற சின்னச் சின்னக் கைகள் வரிசையாக ஏறி இறங்கும். கைக்கும் வால்வுக்கும் நடுவே மெல்லிய தகடு நுழையும் அளவுக்கு இடைவெளி விடவேண்டும்; டேப்பட் என்று பாய் சொன்னது இதைத்தான். கூடினால் தட்டும், குறைந்தால் வால்வு கருகும். பாய் மூடியைக் கழற்றி, தகட்டை விட்டு விட்டுப் பார்த்து, ஒவ்வொன்றாகத் திருகி வைத்தார். சத்தம் நின்றது. நான் ஸ்வீட் வாங்கிவரச் சொன்னேன். ஸ்வீட் வருவதற்குள் இஞ்சின் சூடாகி, மறுபடியும் டக் டக்.

அதற்குப் பிறகு தினமும் அதே கதைதான். நீளமான திருப்புளியின் முனையை இஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார் பாய். என்னையும் கேட்கச் சொல்வார். கீழே வைத்தால் சீரான உறுமல், மேலே வைத்தால் மண்டைக்குள்ளேயே தட்டுகிற மாதிரி இருக்கும். அந்தக் கைகளைக் கீழேயிருந்து தள்ளுகிற கம்பி வளைந்திருக்குமோ என்று மதுரையிலிருந்து வேறு வரவழைத்து மாற்றினார். சத்தம் போகவில்லை. “ஜீப்புக்காரவுக இந்தச் சத்தத்தோடதான்க்கா மலை ஏறுறாக” என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார். எனக்கு அந்தச் சமாதானம் வேண்டியிருக்கவில்லை. வளைவில் பாதியில் நின்றால் வயிற்றுப் பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

கம்பி கொண்டுவந்த மதுரைக்காரர் எண்ணெய் மூடியைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சி, “என்ன பாய், இஞ்சின்ல பாயாசம் காய்ச்சுறீங்களா?” என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். வெளியூர்க்காரர்கள் போடிக்கு வந்தால் இப்படித்தான் சொல்வார்கள். எங்கள் துணியில், தலையணையில், சாப்பாட்டில் எல்லாம் ஏலக்காய் வாசம்தான். எங்கள் மூக்குக்கு அது தெரிவதே இல்லை. அதனால் அவர் சொன்னதை அங்கே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வளைகாப்புக்கு நாள் நெருங்கியது. கடைசியில் பாய் கையை விரித்தார். “இஞ்சினை எறக்கிப் பிரிக்கணும்க்கா. வளைகாப்புக்குள்ள முடியாது.” நான் காரில் போய் உட்கார்ந்துகொண்டேன். அழுகைதான் வந்தது. என் வீட்டுக்காரர் வந்து ஜன்னலில் கை வைத்து, “வாடகை வண்டி சொல்லிருவமா?” என்றார். அன்றைக்கு அவர் குரலில் கிண்டல் இல்லை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. “ஓடவிட்டுக்கிட்டே அந்த மூடியக் கழத்துங்க பாய். கடைசியா ஒருக்கப் பாத்துருவோம்” என்று கத்தினேன்.

எண்ணெய் தெறிக்கும் என்று பாய் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். மெதுவாக ஓடவிட்டு மூடியைத் தூக்கினார். தெறிக்கவே இல்லை. அந்தச் சின்னக் கைகள் எல்லாம் வறட்டு வறட்டென்று ஆடிக்கொண்டிருந்தன. பாய் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “எண்ணெ மேல ஏறலக்கா. இத்தனை நாளும் டேப்பட்டையே பாத்துக்கிட்டிருந்தேன்.”

இஞ்சினை அணைத்து, கைகள் கோத்த தண்டைக் கழற்றினார். கீழேயிருந்து எண்ணெய் ஏறி வருகிற ஓட்டைக்குள் மெல்லிய கம்பியை விட்டார். ஏதோ மெத்தென்று தடுத்தது. கம்பி நுனியை வளைத்துக் கொக்கி போட்டு இழுத்தார். கறுப்பாக, ஊறிப்போய் ஒன்று வெளியே வந்தது. துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதை நான் முகர்ந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஏலக்காய். அதுவும் சல்லடையில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய மாதிரி, அந்த ஓட்டைக்கு அளவெடுத்த காய்.

சல்லடை பிடிக்கிறவர் எங்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

“ஒண்ணு விட்டுப்போச்சா?” என்றார் என் வீட்டுக்காரர், சின்னப் பிள்ளை மாதிரி.

பாய் நிமிர்ந்தார். “என்னண்ணே சொல்றீக?”

“இஞ்சின் நம்ம கிட்டங்கியில கெடந்துச்சுல்ல பாய், குளவி சுத்துச்சு. ஓட்டையக் கண்டா உள்ள மண்ணை வச்சுக் கூடு கட்டிரும்ல. அதான் ஓட்டைக்கு ஓட்டை காயைப் போட்டு அடைச்சு வச்சேன். தெனமும் காலையில சாக்கை வெலக்கிப் பாத்துக்கிருவேன். நீங்க எடுத்துட்டுப் போறப்போ எல்லாத்தையும் எடுத்துட்டேன்னு நெனச்சேன். இது உள்ள எறங்கிருச்சு போல.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எத்தனை நாள் அலைச்சல், எத்தனை பேச்சு! ஆனால் நான் நினைத்துப் பார்த்ததெல்லாம், நான் வீட்டிலிருந்து கிளம்பிவருவதற்கு முன்னால் இந்த மனுஷன் தனியாகக் கிட்டங்கிக்குப் போய், சாக்கைத் தூக்கிப் பார்த்து, மறுபடியும் மூடி வைத்திருக்கிறார் என்பதைத்தான். கோழிக்கூடு என்று சொல்லிக்கொண்டே! எனக்குச் சிரிப்பு வந்தது. பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, “நல்ல காய், வீணாப் போச்சு” என்றார்.

பாய் ஓட்டைகளை எல்லாம் ஊதிச் சுத்தம் செய்து, தண்டை மாட்டி, இடைவெளி வைத்து, எண்ணெயையும் மாற்றினார். இந்தத் தடவை மூடியைத் தூக்கினால் எண்ணெய் அவர் சட்டையெல்லாம் தெறித்தது. குரங்கணி அடிவாரம் வரை நான் ஓட்டிப் போய்த் திரும்பினேன். டக் என்று ஒரு சத்தம் இல்லை.

வளைகாப்பன்று காலையில், நான் கேட்காமலேயே என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மெட்டு வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் தலையைச் சாய்த்து இஞ்சினைக் கேட்டுக்கொண்டே வந்தார். வளையல் போட்டு, சாப்பாடு முடிந்து கிளம்பும்போது சம்பந்தியம்மா தயங்கினார். “மதினி, எங்க ஜீப்பைப் பின்னாடியே வரச் சொல்லவா? இது பழைய வண்டியா இருக்கே.” நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். “வண்டியப் பாக்காதீக தங்கச்சி. ஓட்டுறது யாருன்னு பாருங்க.”

மகள் பின்சீட்டில் கால் நீட்டிச் சாய்ந்துகொண்டாள். மெட்டிலிருந்து இறக்கம். வளைவுக்கு வளைவு கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினேன். பாதி மலை இறங்கிய பிறகும் அவள் நிறுத்தச் சொல்லவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாய்விட்டே சொல்லிவிட்டேன்: “பாத்தீகளா, சத்தமே இல்ல!”

அவர் உதட்டில் விரலை வைத்தார். பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “நீயும் சத்தம் போடாம ஓட்டு. ரெண்டு பேரு தூங்குறாக.”