குளிர் பழகிவிட்டது என்று சொல்லாத அண்ணன்

அண்ணன் மறைந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கை நான் எழுதுகிறேன். உட்கார்ந்து எழுத முடியவில்லை. நாலு வரி எழுதுவதும் எழுந்து நடப்பதுமாக இருக்கிறேன்.

ரெட்டியார்பாளையத்தில் மில் தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தவர் அண்ணன். அப்பா வேலை பார்த்த மில்லிலேயே சேர்ந்தார். மில்லை மூடியதும் வீடே ஆட்டம் கண்டது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் என்பதால் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்த அண்ணியை மணந்து பிரான்சுக்குப் போனார். தங்கைகள் எங்கள் கல்யாணமெல்லாம் அந்த உழைப்பில் நடந்தது.

போன நாள் முதல் போனில் ஒரே புலம்பல்தான். "குளிரு எலும்புல குத்துது பாப்பா. வெளிய கால வெக்க முடியல. இதெல்லாம் ஒரு ஊரா? சீக்கிரம் வந்துடறேன்."

நான் நம்பினேன். மாடியை வாடகைக்கு விடக்கூடாது என்று கணவரிடம் சண்டை போட்டேன். லீவில் வந்தால் மின்விசிறியை விட்டு நகரமாட்டார். டீக்கடைக் கூட்டத்தில் வரிசை எங்கே என்று தேடுவார். "தொரை வந்துட்டாரு" என்று கேலி செய்வோம். "எப்ப வர்ற?" என்றால் மட்டும், "அடுத்த வருஷம்" என்பார்.

போன குளிர்காலத்தில் மாரடைப்பால் அங்கேயே காலமானார். இறுதிச் சடங்கை நாங்கள் செல்போனில்தான் பார்த்தோம். மண்டபம் நிறைய வெள்ளைக்காரர்கள். பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் அழுதுகொண்டே பேசினார். அண்ணன் மகள் தமிழில் சொன்னாள்: "பனி கொட்டுனா இவங்க வாசலையும் சேத்து அப்பாதான் தள்ளி விடுவாராம் அத்த. தள்ளிட்டு அந்தப் பனியிலயே நின்னு கத பேசுவாராம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்று மாலை அண்ணியிடமே கேட்டுவிட்டேன்.

"குளிரு அவருக்குப் பழகி எத்தனயோ வருஷமாச்சும்மா. இந்த ஊரு புடிச்சிருக்குன்னு சொன்னா நீ அழுவியாம். அதான் சொல்லல."

அண்ணனை அங்கே தோள் கொடுத்துச் சுமந்தவர்களின் பெயர்கூட எனக்குச் சொல்ல வராது. அவர்களுக்கும், உடலே வராத வீட்டில் எங்களோடு வந்து உட்கார்ந்திருந்த உங்களுக்கும், அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சொல்லியிருக்கலாமே அண்ணா. இரண்டு நாள் அழுதிருப்பேன். அப்புறம் நீ நன்றாக இருக்கிறாய் என்று நிம்மதியாக இருந்திருப்பேன்.