ரெண்டரையும் முக்காலும்

எட்டாவது பாஸாகியிருந்தால் பால்வாடியில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, என் அம்மா முப்பத்தாறு வயதில் பிரைவேட்டாக எட்டாவது பரீட்சை எழுதக் கிளம்பினாள். எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பா இறந்த பிறகு அவள் திருவண்ணாமலையில் ஒரு வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தூசி நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச விடாமல் இருமல் வரும். மண்டியை விட்டு வெளியே வர அவளுக்கு இருந்த ஒரே வழி அந்தப் பரீட்சைதான்.

நான் அப்போது ஒன்பதாவது. கணக்கில் வகுப்பிலேயே முதல், அதற்கேற்ற திமிர் வேறு. என் பழைய கணக்குப் புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அம்மா வேலைக்குப் போவது எனக்கு மானக்கேடாக இருந்தது. எதிரில் அவள் வந்தால் தெரு மாறிப் போயிருக்கிறேன்.

அம்மா நாலாவதோடு நின்றவள். அரை, கால், முக்கால் என்றால் நாக்கு நுனியில் விடை வைத்திருப்பாள். புள்ளி வைத்த கணக்குதான் அவளை மிரட்டியது. பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம், புத்தகத்தை என் முன்னால் விரித்தாள். ஒரு பாத்திரத்தில் 2.5 லிட்டர் பால் இருக்கிறது, மேலும் 0.75 லிட்டர் ஊற்றினால் மொத்தம் எவ்வளவு?

"ரெண்டரையும் முக்காலும் மூணேகாலு. இத எப்படிடி எழுதறது?"

வாசலில் சிநேகிதிகள் நின்றிருந்தார்கள். கார்த்திகை தீபத்துக்குப் போட்ட வளையல் கடைகளைப் பார்க்கப் போகிற அவசரம் எனக்கு.

"மனசுல போட்டா மார்க் கிடையாதும்மா. எல்லா கூட்டலும் போலத்தான். வலது ஓரத்துல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு எழுதிக் கூட்டு" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன்.

புள்ளிக்குக் கீழே புள்ளி வைக்க வேண்டும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பாவி நான், அதைச் சொல்லவில்லை.

பரீட்சை முடிந்து வந்தவள் வினாத்தாளை என்னிடம் நீட்டினாள். லிட்டர், மீட்டர், கிலோ என்று அளவைக் கணக்கு நாலு வந்திருந்தது. ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்திருந்தாள். முதலில் வந்தது புத்தகத்தில் இருந்த அதே பால் கணக்கு. அதில் 'மூணேகால்' என்று எழுதி அடித்துவிட்டு, கீழே 2.5இன் ஐந்துக்கு நேராக 0.75இன் ஐந்தை வைத்துக் கூட்டி, 1.00 என்று போட்டிருந்தாள். மற்ற மூன்றும் அதே லட்சணத்தில் இருந்தன.

"ரெண்டரை லிட்டரு இருக்குது, மேல ஊத்துனா எப்படிடி ஒரு லிட்டரா ஆவும்? எனுக்கு சந்தேகமாத்தான் இருந்துச்சி. ஆனா நீ சொன்ன மாதிரிதான போட்டேன்?"

"சரியாத்தாம்மா இருக்கு" என்றேன்.

ரிசல்ட் வந்தபோது மற்ற எல்லாவற்றிலும் பாஸ், கணக்கில் மட்டும் ஃபெயில். பால்வாடிக்கு வேறு ஒருத்தியை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் எழுதும்மா என்று கெஞ்சினேன். புத்தகத்தைத் தொடவே மறுத்துவிட்டாள்.

ஒருநாள் மண்டிக்குச் சோறு கொண்டுபோனபோது, கூட வேலை செய்கிற அக்கா ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாடி, ஃபஸ்ட் மார்க் வாங்கறியாம், உங்கம்மாவுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கலியா?"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது நல்லாத்தான் சொல்லிக் குடுத்துச்சி. எம் மண்டையிலதான் ஏறல. எங்கொழந்தைய ஒண்ணும் சொல்லாத."

தூக்குச்சட்டியை அம்மா பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதன் பிறகு ஆறு வருஷம் அம்மா அதே தூசியில் உட்கார்ந்திருந்தாள். தப்பாகச் சொன்னது நான்தான் என்று சொல்ல ஆறு வருஷமும் எனக்கு வாய் வரவில்லை. தனக்குத்தான் அறிவு போதவில்லை என்று நம்பிக்கொண்டே அவள் செத்துப்போனாள்.