ராத்மிலாவின் பாதிப் பெட்டி

ராத்மிலா யாருடைய பெட்டியையும் கேட்டுவிட்டுக் கவிழ்ப்பதில்லை. என் கட்டில்மேல் மொத்தத்தையும் கொட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, குவியலை மூன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். முதல் குவியலுக்குப் பெயர் "போகும்". இரண்டாவதுக்கு "போகாது". மூன்றாவதுக்கு "வெக்கக்கேடு". அரைக்கிலோ காப்பித்தூள், அதைக் கொதிக்க வைக்க நீளக் கைப்பிடிப் பாத்திரம், பேருந்தில் குறுக்குக் காற்றடித்தால் போட்டுக்கொள்ள நாலு கம்பளி பனியன், ஓட்டல் தரையில் நடக்க இரண்டு ஜோடி வீட்டுச் செருப்பு எல்லாம் மூன்றாவது குவியலுக்குப் போயின.

"ஏன்டி வெரிட்சா, பதினாலு நாளைக்குப் பதினாறு உள்பாவாடையா? பாரிஸ்ல உன்னை யாருடி எட்டிப் பாக்கப் போறா?"

"அவசரத்துக்கு இருக்கட்டும்னு..."

"என்ன அவசரம்? உன் அறுபத்திரண்டு வயசுல வர்ற அவசரத்துக்கெல்லாம் உள்பாவாடை பத்தாது."

இப்படிப் பேசுகிறவளை வீட்டுக்குள் விடலாமா என்று கேட்காதீர்கள். ஒரே மாடிப்படியில் அவள் இரண்டாம் தளம், நான் மூன்றாம் தளம். முப்பது வருஷமாக விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கள் ஊர் சாயச்சாரில், எங்கள் தெருவிலிருந்து யார் சுற்றுலாப் பேருந்து ஏறினாலும், ஏறுவதற்கு முந்தின வாரம் ராத்மிலா அவர்கள் வீட்டுக்கு வந்து பெட்டியைக் கவிழ்த்திருப்பாள். கூப்பிட வேண்டியதே இல்லை. கதவைத் திறக்காவிட்டால்தான் கோபம் வரும்.

தபால் நிலையத்தில் பார்சல் கவுன்ட்டரில் முப்பத்தொரு வருஷம் இருந்தவள். எங்கள் ஊரில் பாதி வீடுகளின் பிள்ளைகள் வியன்னாவில் இருக்கிறார்கள். மீதிப் பாதி வியன்னாவுக்குப் போக மனுப் போட்டிருக்கிறார்கள். அத்தனை அம்மாக்களும் சுற்றிக் கட்டி, கயிறு போட்டு, மேலே இரண்டு தடவை முகவரி எழுதிக் கொண்டுவந்த பார்சல்கள் அவள் கை வழியாகத்தான் போயின. கையில் வாங்கும்போதே எடையைச் சொல்லிவிடுவாள். குலுக்கிப் பார்த்து உள்ளே இருப்பதையும் சொல்லிவிடுவாள். "மத்தவங்க பாசத்தையெல்லாம் தூக்கித் தூக்கித்தான்டி என் இடுப்பு போச்சு" என்பாள். இடுப்பு உண்மையாகவே போய்விட்டது. படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாகத்தான் வருவாள். வாய் மட்டும் எப்போதும் ஒரு தளம் முன்னால் வந்து சேர்ந்துவிடும்.

அவளுடைய சொந்தப் பெட்டியைப் பார்த்தால் ஒரு துறவி ஊருக்குக் கிளம்புகிறார் என்றே நினைப்பீர்கள். மூன்று சட்டை, ஒரு சாம்பல் நிறக் கால்சட்டை, ஒரு நீலப் பின்னல் மேலங்கி. கனமான காலணியும் கனமான கோட்டும் உடம்பிலேயே போகும், மே மாத வெயிலானாலும். தினமும் சாயங்காலம் ஓட்டல் அறையில் அன்றைய சட்டையைக் கைகழுவும் தொட்டியில் துவைத்து, துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, அந்தச் சுருள்மேல் வெறுங்காலோடு ஏறி நின்று நிதானமாக மிதிப்பாள். விடிவதற்குள் சட்டை காய்ந்துவிடும். நான் ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தேன். "திராட்சை மிதிக்கிறேன், போ. உன் ரூமுக்குப் போயி உன் பதினாறு உள்பாவாடையை எண்ணு" என்றாள்.

ஆனால் இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் இடுப்பு இல்லை. பேருந்தில் ஆளுக்குப் பதினைந்து கிலோ சாமான்தான். சுட்டுத் தோலுரித்து அரைத்த சிவப்புக் குடைமிளகாய்த் தொக்கு ஆறு பாட்டில், பிளம் பழ ஜாம் நாலு பாட்டில். பத்து பாட்டில், பத்து கிலோ. மீதி ஐந்து கிலோவுக்குள்தான் ராத்மிலா. வியன்னாவில் இருக்கும் மகள் இவோனாவுக்காக அவள் ஒரு சட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போனால், அந்த இடத்தில் ஒரு பாட்டில் உட்கார்ந்துகொள்ளும். பதினெட்டு வருஷமாக இதுதான் கணக்கு.

மகளைப் பார்க்க வேண்டுமென்றால் நேராக வியன்னா பேருந்தில் ஏற வேண்டியதுதானே, எதற்குப் பதினாலு நாள் ஐரோப்பாச் சுற்றுலா என்று நானும் கேட்டிருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து, கொடியைத் தூக்கிப் பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால் நாற்பது பேரோடு ஓடி, பார்த்த கோபுரத்தையே நாலாவது முறை பார்க்க வேண்டுமா?

"விருந்தாளியாப் போயி நின்னா, எப்ப கெளம்புவான்னு பாப்பாங்கடி. அவங்க வீடு தீப்பெட்டி மாதிரி. டூர்ல வந்தவன்னா, அதுக்குள்ள கெளம்புறியாம்மான்னு கேப்பா. அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் பாரிஸ் வரைக்கும் போயிட்டு வர்றேன்."

பாரிஸ் நகரத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

திரும்பி வரும்போதாவது அவள் பெட்டி லேசாக இருக்குமா என்றால், அதுவும் இல்லை. எங்கள் ஊரில் பாட்டிலைக் கொடுத்தால் காலிப் பாட்டில் திரும்பி வந்தாக வேண்டும். அடுத்த இலையுதிர் காலத்தில் தொக்கு எதில் போடுவது? இவோனா போன தடவை வந்த பத்துப் பாட்டிலையும் கழுவித் துடைத்துத் தயாராக வைத்திருப்பாள். சுற்றுலாவில் வியன்னாதான் முதலில் வரும். ஆகவே அந்தக் காலிப் பாட்டில்கள் ராத்மிலாவோடு பிராக் போகும், பாரிஸ் போகும், நீஸ் கடற்கரையைப் பார்க்கும். வெனிஸில் ஒரு பாலத்தின் கல்படிகளில் அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கியபோது உள்ளே எழுந்த கிணிகிணிச் சத்தத்துக்கு இரண்டு கன்னியாஸ்திரீகள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். வழிகாட்டி போயான் கொடியைக் கீழே இறக்கிவிட்டான். "அத்தை, பாட்டுக் கச்சேரியைக் கொஞ்சம் நிறுத்துங்க. இங்க அதுக்குத் தனி டிக்கெட் கேப்பாங்க" என்றான்.

இந்த ஏப்ரலில் இவோனா தொலைபேசியில் கூப்பிட்டாள். மறுநாள் ராத்மிலா அதைப் படிக்கட்டில் நின்று, மழை வரும்போல இருக்கிறது என்பது மாதிரி எனக்குச் சொன்னாள்.

"இந்தத் தடவை ஒண்ணும் கொண்டு வராதேங்கறா. போன தடவை தொக்குல பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டாளாம். அவ பொண்ணு தொடவே மாட்டேங்குதாம். கடையிலயே எல்லாம் கெடைக்குதும்மா, எதுக்குச் செமக்கறேன்னு கேக்கறா."

"நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பா."

"நல்லதுக்குத்தான். கெட்டதுக்குச் சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்."

சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை. இவோனாவை வளர்த்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பெண்ணை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றிருந்தது. கேட்கவில்லை. ஏனென்றால் என் மகனும் எனக்கு அதையேதான் சொன்னான். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கிளம்பும் நாள் காலையில் அவள் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். காற்றைத் தூக்குவதுபோல வந்தது. திறந்தால் ஒரு பக்கம் அவளுடைய மூன்று சட்டை. மறுபக்கம் துடைத்த மாதிரி காலி. எதிர்வீட்டு ஸ்லாவ்கா எங்கிருந்தோ மோப்பம் பிடித்து, கம்பளிக் காலுறைப் பொட்டலம் ஒன்றோடு ஓடி வந்தாள்.

"வியன்னாவுல இருக்கற எங்க பையன் நெனாதுக்கு, ராத்மிலா அக்கா. ஆறே ஜோடி. அவனே வந்து வாங்கிக்குவான்."

"தபால் ஆபீசை மூடியாச்சு, ஸ்லாவ்கா. சாவியையும் குடுத்துட்டேன்."

"இவ்வளவு எடம் காலியாக் கெடக்கே!"

"அது காலி இல்ல. அங்க ஆள் வருது."

ஸ்லாவ்காவுக்குக் கோபம். எனக்கும்தான். ஆறு ஜோடிக் காலுறை என்ன எடை இருக்கும்? கடைசியில் அதை நான் என் பெட்டியில் திணித்துக்கொண்டேன். அதிலும் ஏற்கெனவே இடமில்லை; ராத்மிலா வெளியே எடுத்துப் போட்டதில் பாதியை அவள் போன பிறகு நான் திரும்ப உள்ளே வைத்திருந்தேன். காப்பிப் பாத்திரம் உட்பட.

ஹங்கேரி எல்லையில் பேருந்து இரண்டு மணி நேரம் நின்றது. ஆளாளுக்கு மடியில் பொட்டலத்தைப் பிரித்து, வறுத்த கோழியும் பச்சை வெங்காயமும் தின்றுகொண்டிருந்தோம். ராத்மிலா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சாப்பிடாமல் இருந்தாள். நான் ஒரு கோழிக்காலை அவள் கையில் திணித்துவிட்டுக் கேட்டேன்.

"யாருடி அந்தப் பெட்டியில வரப்போற ஆளு?"

அவள் கோழிக்காலைக் கடித்து, மென்று, விழுங்கினாள்.

"பதினெட்டு வருஷமா நான்தான் குடுக்கறேன். அவளும் எனக்கு ஏதாவது குடுத்தனுப்பணும்னு நெனச்சிருப்பாளோ என்னவோ. வைக்க எடம் எங்க இருந்துச்சு? போறப்போ தொக்கு, வர்றப்போ காலிப் பாட்டிலு. இந்த வாட்டி எடம் விட்டுப் போறேன். பாப்போம்."

"அவகிட்ட சொன்னியா?"

"சொல்லி வாங்கினா அது பார்சலுடி. நான் பாக்காத பார்சலா?"

"அவ ஒண்ணும் கொண்டு வரலேன்னா?"

"வரலேன்னா பெட்டி லேசா இருக்கும். இடுப்புக்கு நல்லது" என்றாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. போயான் ஒலிபெருக்கியில் ஏதோ அரண்மனையின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தான். வழக்கமாக அவன் தேதியைத் தப்பாகச் சொன்னால் திருத்துகிறவள், அன்று திருத்தவில்லை.

மறுநாள் மதியம் வியன்னா. மற்றவர்கள் அரண்மனைத் தோட்டத்தைப் பார்க்கப் போனார்கள். எனக்குக் கால் வலி என்று பொய் சொல்லிவிட்டு ஓட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டேன். ராத்மிலா தன் பெட்டியைக் கீழே கொண்டுவந்து, சோபாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்திருந்தாள். அறையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.  நீல மேலங்கியின் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

இவோனா முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து நேராக வந்தாள். வெள்ளைக் காலணியைக்கூட மாற்றவில்லை. கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதைப் பார்த்ததும் ராத்மிலாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவசரமாகக் குனிந்து தன் பெட்டியைத் தரையில் படுக்கவைத்துத் திறந்தே விட்டாள்.

இருவரும் கட்டிக்கொண்டார்கள், மூன்று முறை முத்தமிட்டுக்கொண்டார்கள். எனக்கும் மூன்று கிடைத்தது. பிறகு இவோனா அட்டைப்பெட்டியைச் சோபாமேல் வைத்தாள்.

அது கிணிகிணி என்றது.

"பத்தும் இருக்கும்மா. நல்லா சுடுதண்ணி ஊத்திக் கழுவியிருக்கேன். நீ வந்ததும் மொதல்ல இதைத்தானே கேப்பே!"

ராத்மிலா அப்படியே நின்றாள்.  இவோனாவைத் திட்டவும் முடியாது. அம்மா எப்போதும் கேட்பதை, கேட்பதற்கு முன்பே, வேலைக்குப் போகிற அவசரத்திலும் கழுவித் துடைத்து, ரயிலில் மடியில் வைத்துச் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள். கெட்டிக்காரப் பெண். அம்மா சொல்லிக்கொடுத்தபடியே வளர்ந்திருக்கிறாள்.

"ஏம்மா ஒரு மாதிரி இருக்கே? ஒண்ணு குறையுதா?"

"குறையல. பத்து இருக்கு" என்றாள் ராத்மிலா, எண்ணாமலே.

"நீ நெசமாவே ஒண்ணும் கொண்டு வரலியா?" இவோனா திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஏன்மா இந்தப் பக்கம் ஒண்ணுமே வைக்கல?"

 ராத்மிலா சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு வலியோடு மெதுவாக அட்டைப்பெட்டிப் பக்கம் சாய்ந்தாள். ஒரு பாட்டிலை வெளியே எடுத்தாள். அவள் அதைப் பெட்டிக்குள் வைக்கப்போகிறாள் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தேன்.

"இதை நீ எடுத்துட்டுப் போ" என்றாள்.

"எதுக்கும்மா?"

"ஏதாவது போட்டுக் குடு."

"என்னத்தைப் போட?"

"உப்பு, சர்க்கரை, காப்பித்தூள். உன் வீட்டுல என்ன இருக்கோ அது. நாளைக்கு ஏழு மணிக்குத்தான் பஸ் கெளம்பும்."

இவோனா என்னைப் பார்த்தாள். நான் உதவிக்குப் போகவில்லை. வரவேற்பு மேசையில் இருந்தவன்கூட எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். ராத்மிலா மூடியைத் திருகிக் கழற்றி இடது கையில் வைத்துக்கொண்டு, வெறும் பாட்டிலை வலது கையால் மகளிடம் நீட்டினாள்.  மகள் வாங்கிக்கொள்ளும்வரை நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.