முறையான வழியில் போன மனு

"ரெண்டு பாட்டில் ரத்தம் கையில இல்லாம நான் ஆபரேஷன் ஆரம்பிக்க மாட்டேன்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். 1995, ஆகஸ்ட் மாதம், ஒரு புதன்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். மைசூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் என் மனைவி ரோஸ்லின் முகம் வெளுத்துக் கிடந்தாள். எட்டு மாதக் கர்ப்பம். காலையில் துணி அலசிக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று ரத்தப்போக்கு. நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் குழந்தை வரும் வழியை அடைத்திருக்கிறது, வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள்.

அவளுடைய ரத்தம் பி நெகட்டிவ். சுலபத்தில் கிடைக்காத வகை. ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது. என் ரத்தம் சேரவில்லை. கொள்ளேகாலில் இருக்கும் அவள் அண்ணனுக்கு பூத்திலிருந்து போன் போட்டேன். அவருடையதும் வேறு வகை. "இப்ப கொஞ்சம் நின்னிருக்கு. மறுபடி ஆரம்பிச்சா என் கையில இல்லை. சீக்கிரம் கொண்டு வாங்க" என்றார் டாக்டரம்மா.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வந்த பிள்ளை அது. அதற்கு முன் இரண்டு கலைந்துவிட்டன. அன்றைக்கு என் மனதில் பிள்ளைகூட இல்லை. ரோஸ்லின் போய்விடுவாளோ என்ற ஒரே பயம்தான்.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கே என்மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

நான் ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. அப்போதே பதினோரு வருஷ சர்வீஸ். மனு எழுதுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு தலைக்கனம் உண்டு. எங்கள் உலகத்தில் எல்லாம் முறையான வழியில்தான் போக வேண்டும். கீழே இருப்பவன் எழுதுவான், நடுவில் இருப்பவர் சிபாரிசு செய்வார், மேலே இருப்பவர் கையெழுத்துப் போடுவார். எங்கள் பெரிய அதிகாரியை எல்லோரும் சாஹேப்ரு என்பார்கள். அவர் அறைக்கு இடுப்பளவுக்கு ஓர் ஆடும் கதவு. பதினோரு வருஷத்தில் அவர் கூப்பிடாமல் நான் அந்தக் கதவைத் தொட்டதில்லை.

இதே ஆபீஸ் புத்தியைத்தான் நான் ஆண்டவரிடமும் காட்டிக்கொண்டிருந்தேன். இயேசு பரிசுத்தர், பாவமில்லாதவர், கடவுளுக்கு மிகவும் வேண்டியவர் என்பதெல்லாம் சரி. ஆனால் அவரே கடவுள் என்பது என் மண்டையில் ஏறவில்லை. பெரிய இடத்தில் நமக்காகப் பேசுகிற நல்ல மனிதர், நம் மனுவில் சிபாரிசு எழுதி மேலே அனுப்புகிறவர், அவ்வளவுதான் என்று வைத்திருந்தேன். ஜெபம் செய்தால்கூட முதலில் விஷயம், அப்புறம் விவரம், கடைசியில் பணிவான வேண்டுகோள் என்று வரிசையாக வரும். பக்கத்தில் முழங்காலில் இருக்கும் ரோஸ்லின் கண்ணைத் திறந்து பார்த்துச் சிரிப்பாள்.

"ஏனுங்க, அப்பன்கிட்டப் பேசறதுக்கு இத்தன சடங்கெதுக்குங்க? இயேசப்பான்னு ஒரு வார்த்த கூப்புட்டா ஆகாதுங்களா?" என்பாள். அவள் கொள்ளேகால்காரி. பேச்சில் மரியாதை குறையாமல் ஆளைக் கிண்டல் செய்வாள்.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்திலும் நான் இதை வைத்து மல்லுக்கு நின்றிருக்கிறேன். கூட்டம் நடத்துகிற தேவராஜ் அண்ணன் எலக்ட்ரிக் வேலை செய்கிறவர். ஒரு நாள் பொறுமையாகக் கேட்டார்: "தம்பி, நீ சொல்றபடி சிலுவைல தொங்குனவர் வெறும் ஆளுன்னு வச்சுக்கோ. அப்ப கடவுள் தன் மேல ஒரு கீறல்கூட படாம வேற யாரையோ மாட்டிவிட்டுட்டு மேல உக்காந்திருந்தார்னு ஆகுதே. அது அன்பா?" நான் அதற்கும் ஏதோ சாமர்த்தியமாகப் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அந்தப் புதன்கிழமை நான் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என் ஆபீசுக்கு ஓடினேன். நூற்றிருபது பேர் வேலை செய்கிற இடம். யாருக்காவது அந்த ரத்தம் இருக்காதா? மேஜை மேஜையாகப் போய்க் கேட்டிருக்கலாம். நடுக்கூடத்தில் நின்று கத்தியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? உட்கார்ந்து மனு எழுதினேன். ரத்தம் வேண்டி ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப அனுமதி கோரி, பெரிய அதிகாரி அவர்களுக்கு, தலைமைக் குமாஸ்தா வழியாக. மார்ஜின் விட்டு எழுதினேன். ஒரு வார்த்தையை அடித்துத் திருத்த வேண்டி வந்ததால் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு காகிதத்தில் எழுதினேன். என் மனைவி அங்கே சாகக் கிடக்கிறாள்!

தலைமைக் குமாஸ்தா சிவண்ணா நல்ல மனிதர். படித்துப் பார்த்துப் பதறினார். ஆனால் அவரும் எங்கள் ஜாதிதானே, ஆபீஸ் ஜாதி. "சாஹேப்ரு மீட்டிங்கில் இருக்கிறார், முடிந்ததும் முதல் காகிதமாக வைக்கிறேன்" என்று கன்னடத்தில் சொல்லித் தட்டில் வைத்தார். ஆடும் கதவுக்கு அந்தப் பக்கம் சாஹேப்ருவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. இருபதடி தூரம் இருக்காது. நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அப்புறமும் புத்தி வரவில்லை. ஊரின் மறுகோடியில் இன்னொரு ரத்த வங்கி இருந்தது. அங்கே வெறுங்கையோடு போனால் மதிக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டு, ஓய்வு பெற்ற ஒரு பெரிய மனிதர் வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வராந்தாவில் நின்று, சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். மணி இரண்டரை ஆகிவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் கடிதத்தைப் படித்துவிட்டு, "சார், லெட்டர் எதுக்கு? இருந்தா சும்மாவே கொடுத்திருப்போம். பி நெகட்டிவ் ஸ்டாக் இல்லை" என்றாள். என்னைப் பார்த்துப் பாவப்பட்டு ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தாள்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலில் இருந்த சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஜெபம் செய்யலாம் என்று கண்ணை மூடினேன். பழக்கப்படி வார்த்தைகள் வரிசையாக வந்தன. பரலோகத்திலிருக்கிற சர்வ வல்லவரே, தங்கள் ஊழியராகிய இயேசுவின் வழியாக... அதற்கு மேல் ஓடவில்லை. எனக்கே அருவருப்பாக இருந்தது. காலையிலிருந்து நான் பார்த்த அத்தனை பேரும் நல்லவர்கள்தான். எல்லோரும் எனக்காகப் பேசினார்கள், எழுதினார்கள், பரிதாபப்பட்டார்கள். ஆனால் ரோஸ்லினுக்கு வேண்டியது சிபாரிசு அல்ல, ரத்தம். எனக்காகப் பேசுகிற நல்ல மனிதராக மட்டும் இயேசு இருந்தால் அவரும் இந்த வரிசையில் இன்னொருவர்தானே? அவரால் என் மனைவியின் கட்டில் பக்கத்தில் நிற்க முடியுமா? தேவராஜ் அண்ணன் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் ஆள் நடமாட்டம் இருந்தது, வெட்கப்படவில்லை. "இயேசப்பா, நீங்கதான் கடவுள். இத்தனை நாள் உங்களை என் தலைமைக் குமாஸ்தா மாதிரி நடத்திட்டேன். மன்னிச்சிடுங்க. இனி வேற யார்கிட்டயும் சிபாரிசு கேக்கப் போகல. நீங்களே வாங்க. என் ரோஸ்லின்கிட்ட நீங்களே வாங்க." அவ்வளவுதான் ஜெபம். என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சின்ன ஜெபம் அதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, கையில் எதுவும் இல்லாமலே, மனம் அடங்கியிருந்தது. காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது மூன்றேகால். வார்டு வாசலிலேயே ஒரு நர்ஸ் என்னைப் பிடித்துக்கொண்டார். "எங்க போயிட்டீங்க? கையெழுத்துப் போட ஆளில்லாம தேடிட்டு இருக்கோம். ரத்தம் கொடுக்க ஆள் வந்தாச்சு, டெஸ்ட்டும் சரியா இருக்கு" என்றார். ரத்தம் எடுக்கும் அறையை எட்டிப் பார்த்தேன். இரும்புக் கட்டிலில், ஷூவைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, வலது சட்டைக் கையை மடித்துக்கொண்டு, எங்கள் சாஹேப்ரு படுத்திருந்தார். கையிலிருந்து குழாய் போய்க்கொண்டிருந்தது.

பழக்க தோஷத்தில் கதவுப் பக்கத்திலேயே கைகட்டி நின்றேன். மீட்டிங் முடிந்து இரண்டு மணிக்குத்தான் என் மனு அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அவருக்கு முன்பு ஒரு ஆபரேஷன் நடந்தபோதே தன் ரத்தம் பி நெகட்டிவ் என்று தெரியுமாம். ஜீப்பை எடுக்கச் சொல்லிப் புறப்பட்டு வந்துவிட்டார்.

"சார், நீங்களேவா? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால்..." என்று உளறினேன். என்ன கேட்கிறோம் என்று எனக்கே தெரியவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரக்தானூ டபாலல்லி கள்ஸக்காகத்தேன்ரீ, சாமுவேல்?" என்றார். ரத்தத்தையும் தபாலில் அனுப்ப முடியுமா என்று கேட்டார். பிறகு, பதினோரு வருஷமாக அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறீர்களே, இன்றைக்காவது தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டார். அவர் கிறிஸ்தவர் அல்ல. என் ஜெபத்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் அந்த வார்த்தை எனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட ஓடினேன்.

கணக்கு வைத்துப் பார்க்கிறவர்கள், நீ ஜெபிப்பதற்கு முன்பே அவர் புறப்பட்டுவிட்டாரே என்பார்கள். ஆமாம். நான் கேட்பதற்கு முன்பே அவரைக் கிளப்பிவிட்டவர் யார் என்பதைத்தான் நான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்து மணிக்குள் ஆபரேஷன் முடிந்தது. பெண் குழந்தை. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடுகிற அளவு. மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். ரோஸ்லின் நன்றாகப் பேச ஆரம்பித்தது மூன்றாம் நாள். நான் எல்லாவற்றையும் சொல்லி, "இயேசுவே கடவுள்னு தெரிஞ்சுக்கிட்டேன் ரோஸ்லின்" என்றேன். அவள் தையல் வலிக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இது தெரியறதுக்கு மைசூரு பூரா சுத்தோணுங்களா? நான் இங்கயே படுத்துக்கிட்டு அவர்கிட்டத்தானுங்களே பேசிக்கிட்டிருந்தேன்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று, நான் சொன்னதெல்லாம் தப்பு என்று எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டேன். இயேசு நமக்கும் பிதாவுக்கும் நடுவே நிற்கிறவர்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் காகிதம் வாங்கி மேலே அனுப்புகிறவராக நிற்கவில்லை. கடவுளே மனிதனாகி, நம் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, தன் ரத்தத்தையே கொடுத்து நிற்கிறார். தேவராஜ் அண்ணன் எழுந்து வந்தார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை. அதே வாரம், ரோஸ்லினுக்கு அடுத்த கட்டிலில் இருந்த பெண்ணுக்குக் குழந்தை தங்கவில்லை. அவர்களும் ஜெபித்தவர்கள்தான். ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன். பழைய சாமுவேலாக இருந்தால் ஆறுதல் சொல்ல யாரையாவது அனுப்பியிருப்பேன், இல்லையென்றால் அழகாக ஒரு கடிதம் எழுதியிருப்பேன். அன்றைக்கு நானே எழுந்து போய் அந்தக் குழந்தையின் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் அங்கேயே இருந்தேன். எழுந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் சொல்லி அனுப்புனாங்க அண்ணா. வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

அன்பானவர்களே, இதை வாசிக்கிற உங்களில் யாராவது இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கலாம். வார்த்தைகளைத் தேடாதீர்கள். நான் தகுதியானவன்தானா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இயேசுவே என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்கு என்ன பதில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. யார் வருவார் என்று தெரியும்.