அப்போலேனாவின் புல்சுவர்

நாலு பேர் வேண்டாமென்று ஒதுக்கிய மேட்டு நிலம், அதை உழ ஒற்றைக்கண் மாடு, நெப்ராஸ்கா காற்றுக்கு ஐந்து குளிர்காலம் அசையாமல் நின்ற வீடு. அப்போலேனா ஜெயித்தவை இவை. அண்ணன் மத்யேய் யாரைப் பார்த்தாலும் இந்த வரிசை மாறாமல் சொல்வான்.

மரமே இல்லாத சமவெளி. காட்டெருமைகள் மேய்ந்த குட்டைப்புல்லை வேரும் மண்ணுமாகக் கட்டி கட்டியாகப் பெயர்த்து அவளே அடுக்கிய சுவர்கள். ஒவ்வொரு கட்டியையும் ஓரத்தில் பிடித்துத் தூக்கி உலுக்குவாள். உதிர்ந்தால் வீசிவிடுவாள். தாங்கினால் புல் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைப்பாள்; வேர் மேல்கட்டிக்குள் ஏறிப் பிடித்துக்கொள்ளும்.

பள்ளத்தில் ஆளுயரம் வளரும் முரட்டுப்புல் அடுப்புக்கு. பேசிக்கொண்டே அதை முறுக்கி முடிச்சுப் போடுவாள். வந்தவர் கையிலும் ஒரு பிடியைத் திணித்துவிடுவாள். "சும்மா பேசினா அடுப்பு எரியுமா? முறுக்குங்க!"

ஒரே ஒரு கிறுக்கு உண்டு. அடுப்புக்குப் பின்சுவரை மட்டும் தினமும் மாலையில் ஈரக்களிமண்ணால் மெழுகுவாள்.

"ஏண்டி, அந்தச் செவரு என்ன பாவம் பண்ணிச்சு?"

"களிமண்ணு உன் வீட்டுதா அண்ணே? போய் மாட்டைப் பாரு."

ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் அரசு நிலம் சொந்தமாகும். அப்படி அவளுக்குப் பட்டா கிடைக்கவேண்டிய வருடம், அந்த மேட்டின் மேல் கண் வைத்திருந்த பக்கத்து நிலத்துப் புரோக்கோப் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். "நெலம் அண்ணங்காரனோடது. தங்கச்சி பேரு சும்மா ஒப்புக்கு. நெலத்தைப் பதிஞ்ச அன்னிக்கு அவ வெறும் கீறல்தானே போட்டா? பேரை எழுதினது அண்ணன்தானே!" அதிகாரி இதை நம்பினால் நிலம் போய்விடும்.

மத்யேய்க்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கடல் தாண்டி வந்த கப்பலிலும் கோயிலிலும்கூட, எழுதத் தெரியாத அவள் பெயரை எழுதியது அவன்தான். எச்சரிக்கப் போனவன் கதவருகே நின்றுவிட்டான். தங்கையின் மடியில், ஞானத்தாய் சிவப்பு நூலால் அவள் பெயரைத் தைத்துக் கொடுத்த தலையணை உறை. அதைப் பார்த்துப் பார்த்து, புல்தண்டால் ஈரச்சுவரில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதியதும் உள்ளங்கையால் அழித்து மெழுகினாள். அவன் சத்தமில்லாமல் திரும்பிவிட்டான்.

பட்டா அலுவலகத்தில் அதிகாரி தாளை நகர்த்தினார். பழக்கதோஷத்தில் மத்யேயின் கை பேனாவுக்கு நீண்டது.

"கைய எடு அண்ணே."

நாக்கு நுனியைக் கடித்தபடி, எழுத்தெழுத்தாக எழுதினாள். முடிந்ததும் அவள் உள்ளங்கை தானாக எழுந்து, அழிக்கப் போனது. பாதியில் நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டாள்.

1884, அக்டோபர் ஒன்பது, வியாழக்கிழமை.