துரைசாணி வைத்த தழை

வேலையில்லாமல் நடக்கிறவர்களை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் தோட்டத்துத் துரையிடம்தான். சூரியநெல்லிப் பக்கத்தில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் ஆட்கள் நடந்தால் தலையில் விறகு இருக்கும், முதுகில் கொழுந்துக் கூடை இருக்கும், இரண்டும் இல்லாவிட்டால் இடுப்பில் ஒரு பிள்ளையாவது இருக்கும். துரையோ விருந்தாளிகளோடு கையை வீசிக்கொண்டு கிளம்புவார். காட்டைத் தாண்டி உச்சிப் பாறைவரை போவார். அங்கே எதையும் எடுக்காமல் அப்படியே திரும்பி வருவார்.

"எதையோ தொலைச்சிருக்காக. அதான் தேடித் திரியுதாக" என்றார் சித்தப்பா. நான் அதை அப்படியே நம்பினேன். தொலைந்தது மோதிரமா, கடிகாரமா என்பதுதான் எனக்குக் கவலை. எனக்கு அப்போது கொழுந்துச் செடி உயரம்கூட இல்லை. அவர்களுக்கு முன்னால் அதை நான் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று விறகு பொறுக்கப் போகும்போதெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

அந்த வருஷம் சீமையிலிருந்து துரையின் தங்கை வரப்போகிறாள் என்று காட்டுக்குள் புதிதாக ஒரு நடைபாதை வெட்டினார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் வெட்டியது அது. பாதை பிரியும் இடங்களில் வழி காட்டச் சுண்ணாம்பு அடித்த கல் ஒவ்வொன்று நட்டார்கள் என்பது எங்கள் லயத்துக்குத் தெரியாது.

அப்படி ஒரு கல் போய் நின்ற இடம் எங்கள் தழையம்மாவின் இடம். தழையம்மாவுக்கு உருவமும் இல்லை, கோயிலும் இல்லை. காட்டுக்குள் போகிறவர்கள் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்து அந்தப் பிரிவில் போட்டுவிட்டுப் போவார்கள். போட்டால் வழி தப்பாது, ஆனை எதிரே வராது. பழைய சருகின் மேல் புதுத் தழை விழுந்து விழுந்து அங்கே ஒரு குவியலே இருந்தது.

சித்திக்கு மலைக்காய்ச்சல் கண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தபோது சித்தப்பா அங்கே போய் அழுதிருக்கிறார். நிமிர்ந்து பார்த்தால் தழைக்குப் பக்கத்தில், நேற்றுவரை இல்லாத வெள்ளைக் கல். அன்று மாலையே சித்தி கண் திறந்து கஞ்சி கேட்டாள். பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியுமா? "உருவம் காட்டி வந்துட்டா. காட்டுக்குள்ள ஒத்தையில கெடந்தா யாரு வெளக்கு வைப்பா?" என்று கல்லைப் பெயர்த்துத் தோளில் வைத்துக் கொண்டுவந்து லயத்து முன்னால் இருந்த மரத்தடியில் நட்டுவிட்டார். அம்மா மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். நாங்கள் சர்க்கரைப் பொங்கல் தின்றோம்.

அந்தத் தங்கை, எங்களுக்குத் துரைசாணி, வந்து சேர்ந்தாள். துரையைப்போல வேகமாக நடக்காமல் குனிந்து குனிந்து போனாள். பாசியையும் புல்லையும் கண்ணாடிச் சில்லு வைத்துப் பார்ப்பாள். இவளும் தேடுகிறாள், அண்ணனைவிடக் கருத்தாகத் தேடுகிறாள் என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒருநாள் மத்தியானம் அவள் தனியாகப் போனாள். திடீரென்று மஞ்சு இறங்கி எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. மணி அடித்து ஆண்களையெல்லாம் கூப்பிட்டார்கள். தகரத்தைத் தட்டிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். காடு தெரிந்தவர் என்று சித்தப்பாதான் முன்னால் ஓடினார். தழைக் குவியலுக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாளாம். அவள் இங்கிலீஷில் சொன்னதைத் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஐயா தமிழில் சொன்னார். குறிக்கல் இல்லாததால் தப்பான பாதையில் போயிருக்கிறாள். ஆவி பறக்கிற ஆனைச் சாணத்தைப் பார்த்துத் திரும்பி ஓடிவந்திருக்கிறாள். இந்தத் தழைகள் வாடாமல் இருந்தனவாம். ஆட்கள் வந்துபோகிற இடம் இது, இங்கேயே இருந்தால் யாராவது வருவார்கள் என்று இருந்துவிட்டாளாம்.

தங்கை கிடைத்த பிறகுதான் துரைக்குக் கோபம் வந்தது. கல்லை எடுத்தவன் யாராக இருந்தாலும் குடும்பத்தோடு தோட்டத்தை விட்டு வெளியே என்று அங்கேயே சொல்லிவிட்டார். விடிந்ததும் லயம் லயமாகத் தேடப்போவதாகவும் சொன்னார். அது எந்தக் கல் என்பது அப்போதுதான் சித்தப்பாவுக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்தவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எழுந்து நிற்கவே ஆள் பிடிக்கவேண்டிய சித்தியைக் கூட்டிக்கொண்டு எப்படி மலை இறங்குவது? அடிவாரத்துப் போடி ஊர் போய்ச் சேருமுன் அவள் போய்விடுவாள் என்று எல்லோருக்கும் தெரியும். கல்லை ஓடையில் போட்டுவிடலாம் என்றார் அப்பா.

"என்னப் பொழைக்க வச்சவளத் தூக்கி எறியவா சொல்லுதீக?" என்று படுக்கையிலிருந்தே கேட்டாள் சித்தி. அம்மா எழுந்து, வீட்டில் இருந்த மஞ்சளையெல்லாம் குழைத்து எடுத்துக்கொண்டு போய், வெள்ளை துளியும் தெரியாதபடி கல்லை மெழுகிவிட்டு வந்தாள்.

காலையில் துரை வந்தார். பின்னால் கண்டக்டர் ஐயா, கங்காணி. கூடவே துரைசாணி. ஆண்கள் வரிசையாக நின்றார்கள். எங்கள் சாமியைப் பற்றி எடுத்துச் சொல்ல எனக்கு நாக்குத் துறுதுறுத்தது. வாயைத் திறக்குமுன் அம்மா என் முதுகில் கிள்ளிய கிள்ளு இன்னும் நினைவிருக்கிறது.

துரை அறைகளை எட்டிப் பார்த்துக்கொண்டு போனார். துரைசாணி மரத்தடியில் நின்றுவிட்டாள். புல்லைப் பார்ப்பதுபோலவே குனிந்து கல்லைப் பார்த்தாள். ஒரு விரலால் அதன் அடிப்பக்கத்தைத் தேய்த்தாள். மஞ்சள் விலகி விரலில் சுண்ணாம்பு ஒட்டியது. அவளுக்கு நேர் எதிரே நின்றதால் நான் அதை நன்றாகப் பார்த்தேன். சித்தப்பாவும் பார்த்தார்.

அவள் விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பாதையோரத் தேயிலைச் செடியில் ஒரு கொப்பை ஒடித்தாள். எங்களில் யாராவது அப்படி ஒடித்திருந்தால் கங்காணி தோலை உரித்திருப்பார். அதைக் கல்லின் முன்னால் வைத்துவிட்டு அண்ணனிடம் போய் ஏதோ சொன்னாள். துரை தேடுவதை நிறுத்தினார்.

"கல்ல ஆனை உருட்டியிருக்கும்னு துரைசாணி அம்மா சொல்றாங்க" என்றார் கண்டக்டர் ஐயா.

"ஆமாங்கய்யா, உருட்டும்ங்கய்யா" என்று லயமே ஒரே குரலில் சொன்னது. அதில் அப்பாவின் குரல்தான் பெரிது. அவர்கள் போனதும் சித்தப்பா மரத்தடியில் அப்படியே உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதார்.

பிள்ளைகள் எங்களுக்கோ சிரிப்பு தாளவில்லை. காட்டில் போடவேண்டிய தழையை லயத்துச் சாமிக்குப் போடுகிறாளே! அதுவும் தேயிலைக் கொப்பு! இத்தனை நாள் தேடியும், விரலில் சுண்ணாம்பு ஒட்டியும், எதிரே இருந்த கல்லை அடையாளம் தெரியவில்லையே! அவள் நடப்பதுபோல நானும் குனிந்து நடந்து காட்டினேன். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

சித்தப்பா சிரிக்கவில்லை. தினமும் மரத்தடியைப் பெருக்கும் அம்மாவை அந்தக் கொப்பை மட்டும் தொடவிடவில்லை. அது காய்ந்து, இலை உதிர்ந்து, வெறும் குச்சியான பிறகும் விடவில்லை. துரைசாணி வைத்ததை எடுத்தால் துரை அடிப்பார் என்று பயப்படுகிறார், பாவம், என்றுதான் நான் அன்று நினைத்துக்கொண்டேன்.